கை மாறிய குன்றுக்கோட்டை

இலங்கைப் பாடசாலைகளில் முதலுதவிப் பயிற்சி பெற்றவர்களுக்குச் சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பின் எட்டு முனைச் சிலுவை நன்கு பழக்கமானது. காயத்துக்குக் கட்டுப் போடப் பழகிய நாள்களில் அந்தச் சின்னம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை. 1877இல் இங்கிலாந்தில் தொடங்கிய அந்த அமைப்பு, தன் பெயரையும் சின்னத்தையும் மத்தியகாலத்து ஹொஸ்பிற்றலர் துறவியர் சபையிடமிருந்து எடுத்துக்கொண்டது. நோயாளரைப் பராமரிக்கவென்று தோன்றிய அச்சபை, பின்னர் கோட்டைகளையும் ஆண்டது. அவற்றுள் புகழ்பெற்றது சிரியாவின் ஹோம்ஸ் நகருக்கு மேற்கே ஒரு குன்றின் மீது இன்றும் நிற்கிறது. ‘கிராக் டெ செவாலியே’ என்பது அதன் பிரெஞ்சுப் பெயர். மாவீரர் கோட்டை என்று பொருள். அரபு மக்கள் அதனை ‘ஹிஸ்ன் அல் அக்ராத்’, அதாவது குர்தியர் கோட்டை என்பர்.

இரண்டு பெயர்களும் இரண்டு உரிமையாளரைச் சொல்கின்றன. முதலில் வந்தவர்கள் குர்தியர். 1031இல் அலெப்போவின் அமீர் அவர்களை இக்குன்றில் காவலுக்குக் குடியேற்றினார். காரணம் வழி. வடக்கே ஒரு மலைத்தொடர், தெற்கே லெபனான் மலைகள். இடையிலுள்ள தாழ்வான வெளிதான் உள்நாட்டிலிருந்து கடற்கரைத் துறைமுகங்களுக்கு இறங்கும் பாதை. குன்றை வைத்திருப்பவர் கையில் பாதையும் இருந்தது. ஆகவே குன்றை எல்லோரும் விரும்பினர்.

1099இல் முதலாம் சிலுவைப்போர்ப் படை ஜெருசலேம் செல்லும் வழியில் இதனைப் பிடித்து, விட்டுச் சென்றது. 1110இல் சிலுவைப்போர்த் தலைவர் தங்கிரெட் மீண்டும் கைப்பற்றினார். 1142இல் திரிப்போலிப் பிரபு இரண்டாம் றேமண்ட் கோட்டையை ஹொஸ்பிற்றலரிடம் ஒப்படைத்தார். எல்லையைக் காக்கும் செலவு அவருக்குத் தாங்கமுடியாததாயிருந்தது. சபையிடமோ பணமும் ஆள்களும் இருந்தன.

இச்சபையை வெறும் போர்ப்படையாக எண்ணிவிடக்கூடாது. 1113இல் பாப்பரசர் அதனை அங்கீகரித்தபோது அது ஜெருசலேமில் யாத்திரிகருக்கான ஒரு வைத்தியசாலையை நடத்திய சபை. அவ்வைத்தியசாலைக்கு 1182இல் எழுதப்பட்ட விதிகளை மருத்துவத் தொழிலில் இருக்கும் நாம் இன்றும் மதிப்புடன் படிக்கலாம். சிறுநீரைப் பார்த்து நோயறியத் தெரிந்த நான்கு வைத்தியர்கள் இருக்கவேண்டும். கட்டில்கள் நோயாளி வசதியாகப் படுக்கும் அளவு நீளமும் அகலமும் உடையனவாக, ஒவ்வொன்றும் தனக்கென விரிப்புடன் இருக்கவேண்டும். அங்கு பிறக்கும் குழந்தைகளுக்குத் தனித் தொட்டில் வேண்டும். இவ்வளவு கனிவை எழுதிவைத்த அதே கைகள்தான் இக்குன்றில் கல்லின்மேல் கல்லை அடுக்கின.

1170இல் பூமியதிர்ச்சி கோட்டையைச் சேதப்படுத்தியது. சபையினர் திருத்திக் கட்டினர்; 13ஆம் நூற்றாண்டில் சுற்றிலும் இன்னொரு மதிலை எழுப்பினர். உள்மதிலின் அடி சரிந்து தடித்த கற்சுவராக நின்றது. நீர்த்தொட்டிகளும் நீண்ட களஞ்சியங்களும் முற்றுகையைத் தாங்கவென்று அமைந்தவை. 1188இல் சலாதீன் வந்து பார்த்துவிட்டு முற்றுகையிடாமலே அப்பால் போனார். ஆயினும் மதில்கள் உயர உயர அவற்றில் நிற்பதற்கு ஆள்கள் குறைந்துகொண்டு வந்தனர்.

1271 மார்ச்சில் எகிப்திய சுல்தான் பைபார்ஸ் கல்லெறி பொறிகளுடன் வந்தார். சுற்றுக் கிராமத்து உழவர்கள் வெளிமதிலுக்குள் அடைக்கலம் புகுந்திருந்தனர். வெளிமதில் விழுந்தது. உள்மதில் தாங்கி நிற்கையில், சரணடைய அனுமதித்துத் திரிப்போலியிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட கடிதமொன்று உள்ளே போனது. அது போலிக் கடிதம் என்பர். ஏப்ரல் 8இல் கோட்டை கை மாறியது. காவற்படையினர் உயிரோடு போக விடப்பட்டனர். வென்றவர் கோட்டையை இடிக்கவில்லை. தான் உடைத்த தெற்குப் பக்கத்தைத் தானே திருத்திக் கட்டினார். தேவாலயம் பள்ளிவாசலாயிற்று. 1516இல் ஒட்டோமானியர் வந்தனர்.

அரச வரலாறுகள் இதன்பின் பல நூற்றாண்டுகளைச் சில வரிகளில் கடந்துவிடும். ஆனால் அக்காலத்திலும் கோட்டை வெறுமையாயிருக்கவில்லை. போர்ப்பயன் குறைந்த மதில்களுக்குள் மக்கள் குடியேறினர்; ஒரு கிராமமே அமைந்தது. பிரபுக்களின் மண்டபங்களில் அடுப்பு எரிந்தது, ஆடுமாடுகள் கட்டப்பட்டன, பிள்ளைகள் பிறந்தனர்.

பிரெஞ்சு ஆட்சியில் கோட்டை தொல்பொருளாகப் பார்க்கப்பட்டது. 1933இல் அது பிரெஞ்சு அரசுக்குரியதாயிற்று. உள்ளே வாழ்ந்த ஏறத்தாழ 530 பேர் நட்டஈட்டுடன் வெளியேற்றப்பட்டனர். அடுத்த இரண்டு ஆண்டுகள் 120 தொழிலாளர் துப்புரவும் திருத்தமும் செய்தனர். கோட்டையின் அழகு மீண்டும் வெளிப்பட்டது. அவர்களின் வீடுகள் மறைந்தன. 1946இல் சிரியா சுதந்திரமடைந்தது. 2006இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பின்னர் உள்நாட்டுப் போர். 2012இல் கிளர்ச்சிப் படையினர் கோட்டைக்குள் நிலைகொண்டனர். 2013இல் விமானத் தாக்குதலில் சேதமடைந்தது. அவ்வாண்டிலேயே ஆபத்திலுள்ள மரபுரிமைகளின் பட்டியலிலும் சேர்ந்தது. 2014 மார்ச்சில் அரசபடை மீளக் கைப்பற்றியது. கோட்டையின் அடியிலுள்ள அல் ஹுஸ்ன் ஊர் இடிபாடானது. மக்கள் பலர் எல்லை கடந்து லெபனானுக்குப் போயினர். உடைந்த கற்களைப் பற்றி உலகம் கவலைப்பட்டது. அது நியாயமான கவலைதான். ஆனால் வீட்டைப் பூட்டித் திறப்பையும் கையோடு கொண்டு வெளிக்கிட்டவர்களை நன்கறிந்த எமக்கு, அந்த ஊராரின் நினைவே முதலில் வருகிறது.

ஆயிரம் ஆண்டுகளில் இக்குன்றுக்கு அமீர், பிரபு, துறவியர் சபை, சுல்தான், பேரரசு, குடியரசு என்று எத்தனையோ உரிமையாளர். அவர்களின் பெயர்கள் ஆவணங்களிலும் கல்வெட்டுகளிலும் உள்ளன. அடைக்கலம் புகுந்த உழவர், மண்டபத்தில் அடுப்பு மூட்டிய பெண், 1933இல் மூட்டை கட்டிய குடும்பங்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. காவலுக்கு வந்த குர்தியரின் நினைவு மட்டும் ஊரார் வாயில் ஒரு பெயராக நிலைத்திருக்கிறது.

நூற்றாண்டு மலர்களில் அதிபர்களின் பட்டியலும் கட்டடங்கள் திறக்கப்பட்ட திகதிகளும் தவறாமல் இடம்பெறும். அவை வேண்டியவையே. அவற்றோடு விடுதியில் சமைத்தவர்கள், வாசலைக் காத்தவர்கள், இடம்பெயர்ந்து வந்து எம் வகுப்பறைகளில் சில மாதங்கள் மட்டும் படித்துச் சென்ற பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களையும் நினைவுள்ளவர்கள் இப்போதே எழுதிவைப்போம். எங்கெங்கோ வாழும் நாம் ஒவ்வொருவரும் பத்துப் பெயர் எழுதினாலே அது ஒரு வரலாறாகும்.