சொல் விளக்கம்: அப்பா

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, கொரிய மொழி தமிழ்நாட்டில் பிழைப்புக்கும் உதவும் மொழியாயிற்று. புதிதாகப் படிக்க வருபவரை முதலில் வரவேற்கும் சொல், ‘அப்பா’.

கொரியரும் தந்தையை ‘அப்பா’ என்றே அழைக்கிறார்கள். இரட்டித்த பகரத்தின் அழுத்தம்கூட நம்முடையதைப் போன்றதே. ஆனால் அது வீட்டுக்குள் புழங்கும் செல்லச் சொல். மரியாதையாகச் சொல்ல ‘அபொஜி’. நண்பரின் தந்தையை அழைக்க, ‘நிம்’ என்ற மதிப்பு விகுதி சேர்ந்த ‘அபொனிம்’. முதல் உயிரை மாற்றி ‘ஒப்பா’ என்றால், ஒரு பெண் தன் அண்ணனை அழைப்பதாகிவிடும்.

இரு மொழிகளும் உறவா?

1886-ல் கொரியா சென்ற அமெரிக்க ஆசிரியர் ஹோமர் ஹல்பர்ட், கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு நூலே எழுதினார். இன்றைய மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதில்லை. குழந்தை வாய்க்கு எளிதில் வருபவை ப, ம போன்ற இதழொலிகள்; அதனால் பெற்றோரைக் குறிக்கும் சொற்கள் பல மொழிகளில் ஒத்திருக்கின்றன என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960-ல் வெளியான கட்டுரையில் விளக்கினார்.

ஆகவே கொரியம் பேசத் தொடங்குபவர்கள் ‘அப்பா’வோடு நிறுத்தாமல், ‘அபொஜி’, ‘அபொனிம்’ இரண்டையும் சேர்த்தே பழகிக்கொள்ளுங்கள்.