முறை யாருக்கு? நெல்லையின் ஆட்டோ ஸ்டாண்டும் செல்பேசிச் செயலியும்

சென்னையிலிருந்து வரும் வந்தே பாரத் ரயில் திருநெல்வேலி சந்திப்பை அடையும்போது இரவு பத்தரை மணி தாண்டிவிடும். இறங்கி வெளியே வருகிறவர்கள் வாசலிலேயே இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் வரிசையாக நிற்கும் மஞ்சள் ஆட்டோக்களை நோக்கி நடக்கிறார்கள், "அண்ணாச்சி, எங்க போணும்?" என்ற கேள்வி அவர்களை எதிர்கொள்கிறது. மற்றொரு சாரார் செல்பேசித் திரையில் நகரும் சின்ன வண்டிப் படத்தைப் பார்த்தபடியே பெட்டியை உருட்டிக்கொண்டு, ஸ்டாண்டைக் கடந்து, சாலை வரைக்கும் போகிறார்கள். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செயலி வண்டி வந்து ஆள் ஏற்றினால் பேச்சு வளரும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். சாலையில் அவர்களுக்காக வந்து நிற்பதும் அதே மஞ்சள் ஆட்டோதான். ஓட்டுநர் போட்டிருப்பதும் அதே காக்கிச் சட்டைதான்.

ஸ்டாண்டு பழையது, செயலி புதியது. அங்கே பேரம், இங்கே நிலைத்த விலை. அங்கே மனிதர், இங்கே கணினி. இப்படிப் பிரித்துவைப்பது எளிது. சில மாதங்களாக இரண்டிலும் மாறி மாறிப் பயணம் செய்து, ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்ததில், இந்தப் பிரிவினை அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

இரண்டுக்கும் அடிப்படையான வேலை ஒன்றே: அடுத்த சவாரி யாருக்கு என்று முடிவு செய்வது. ஸ்டாண்டில் இதற்கு 'முறை' என்று பெயர். முதலில் வந்த வண்டி முன்னால் நிற்கும். கடைசியாக வந்தது வாலில் நிற்கும். முன் வண்டி கிளம்பினால் பின்னால் இருப்பவை ஒவ்வொன்றாக முன்னே நகரும். சவாரி தூரம் குறைவு என்று முதல் ஆள் தயங்கினால் அது இரண்டாவது ஆளுக்குப் போகும். யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை, ஆனால் முறை தவறினால் அன்றைக்கே சங்கத்தில் பஞ்சாயத்து. செயலியிலும் முறை உண்டு. பயணிக்கு அருகில் யார் இருக்கிறார், யார் உடனே ஏற்றுக்கொள்கிறார் என்றெல்லாம் கணக்கிட்டு அது ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. ஸ்டாண்டில் நிற்பவர் தாம் நான்காவது என்பதைக் கண்ணாலேயே எண்ணிக்கொள்ளலாம். தேநீர் குடிக்க நேரம் இருக்கிறதா என்பதும் அவருக்குத் தெரியும். செயலியில் காத்திருப்பவருக்குத் தாம் எத்தனையாவது ஆள் என்பது ஒருபோதும் தெரிவதில்லை. ஒன்று வெளியே தெரியும் வரிசை. மற்றது தெரியாத வரிசை. ஒரு பயணிக்காக நான்கு பேர் சண்டையிடாமல் இரண்டுமே காக்கின்றன.

வேறுபாடு உண்மையில் தொடங்கும் இடம் திரும்பி வரும் பயணம். ஓட்டுநர்கள் அதை 'ரிட்டன்' என்பார்கள். ஸ்டாண்டு வண்டிக்கு ஓர் ஊன்றிய இடம் உண்டு. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் நிற்கும் ஆட்டோ கே.டி.சி. நகருக்குச் சவாரி போனால், அங்குள்ள ஸ்டாண்டில் நின்று ஆள் ஏற்ற முடியாது. அது அங்குள்ளவர்களின் இடம். "ரிட்டன் காலியாத்தான் வரணும் அண்ணாச்சி" என்று அவர் சொல்வது சாக்கு அல்ல, கணக்கு. அவர் கேட்கும் தொகைக்குள் போகும் தூரமும் இருக்கிறது, வெறும் வண்டியாகத் திரும்பும் தூரமும் இருக்கிறது. செயலி வண்டிக்கு ஊன்றிய இடம் கிடையாது. இறக்கிவிட்ட இடத்திலேயே அடுத்த அழைப்பு வரும் என்ற நம்பிக்கையில் அதன் விலை ஒருவழித் தூரத்துக்கே போடப்படுகிறது. ஒரே தூரத்துக்கு இரண்டும் இரு விலை சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பேராசையும் பெருந்தன்மையும் இதில் குறைவு.

ஆனால் அந்த நம்பிக்கை சென்னையில் பிறந்தது, பெங்களூரில் வளர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 4.7 லட்சம். இரவு பத்து மணிக்கு மேல் பெருமாள்புரத்தின் உள் தெருவில் ஒருவரை இறக்கிவிட்டால் அடுத்த அழைப்பு அங்கிருந்தே வரும் என்று எந்த ஓட்டுநரும் எண்ணமாட்டார். ஆகவே செயலியில் சவாரியை ஏற்றதும் அவர் முதலில் செய்வது, நம்மைச் செல்பேசியில் அழைப்பது. "எங்க போணும்? எவ்வளவு காட்டுது?" தொகையைச் சொல்கிறோம். ஒரு கணம் மௌனம். "மேல முப்பது ரூவா போட்டுக் குடுங்க, வந்திருதேன்." செயலி தன் கணக்கில் சேர்க்காமல் விட்ட ரிட்டன், ஓட்டுநரின் வாய்மொழியாக உள்ளே வந்துவிடுகிறது. மேற்கே சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாபநாசம் என்று ஆற்றை எதிர்த்துப் போகப் போகத் திரையில் வண்டிப் படங்கள் அருகிக்கொண்டே வரும். அங்கே ஆலமரத்தடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் நிற்கும் ஸ்டாண்டுதான் ஊருக்குத் துணை.

இப்போது மீட்டருக்கு வருவோம். ஸ்டாண்டு மீட்டர் போடாது என்பது பழைய புகார். செயலியும் மீட்டர் போடுவதில்லை என்பதை யாரும் புகாராகச் சொல்வதில்லை. ஒருவர் வாயால் விலை சொல்கிறார், மற்றது திரையில் விலை சொல்கிறது. அரசு சொன்ன விலை இரண்டிலும் இல்லை. 2013 ஆகஸ்ட் 25 முதல் சென்னைக்கு அரசு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய், இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை பாதி கூடுதல். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகும் அந்த எண்கள் அசையவில்லை. 2025 பிப்ரவரியில் சென்னை ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே 50 ரூபாய், 18 ரூபாய் என்று அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை. நடுவில் இருக்க வேண்டிய அளவுகோல் உயிரோடு இல்லாததால்தான் ஸ்டாண்டும் செயலியும் ஆளுக்கொரு அளவுகோல் செய்துகொண்டன.

இங்கே ஒரு சின்ன ஒற்றுமை என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அரசின் 2013 இரவுக் கட்டணம் ஒன்றரை மடங்கு. நெரிசல் நேரத்தில் செயலிகள் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய அரசின் 2020 வழிகாட்டுதல் வைத்த உச்சவரம்பும் ஒன்றரை மடங்கு. ராத்திரி வண்டிக்கு ஸ்டாண்டில் என்னிடம் கேட்டதும் "ஒண்ணரை வாடகை"தான். மூவரும் கலந்து பேசியதாகத் தெரியவில்லை. தூக்கம் கெட்டு வண்டி ஓட்டுவதற்கு நியாயமான கூலி இவ்வளவு என்று மூவருக்கும் ஒரே எண் தோன்றியிருக்கிறது. 2025 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதல் செயலிக்கான வரம்பை இரண்டு மடங்காக்கிவிட்டது. அந்தப் பொருத்தம் அதோடு முடிந்தது.

எதிர்பாராத உறவு வேறோர் இடத்திலும் இருக்கிறது: நுழைவுக்குக் கொடுக்கும் பணம். ஸ்டாண்டில் நிற்க வேண்டுமானால் சங்கத்தில் சேர வேண்டும், சந்தா கட்ட வேண்டும். அதன்பின் ஓடுகிற ஓட்டமெல்லாம் ஓட்டுநருக்கே. செயலி தொடக்கத்தில் இதற்கு நேர்மாறாக இருந்தது: சேர்வதற்குப் பணமில்லை, ஒவ்வொரு சவாரியிலும் ஒரு பங்கு போகும். அந்தப் பங்கு ஓட்டுநர்களின் மனக்குறையாக வளர்ந்தது. பெங்களூரு ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு 2022 நவம்பரில் வந்த 'நம்ம யாத்ரி' பங்கு கேட்கவில்லை. அடுத்து ஒரு நாளுக்கு 25 ரூபாய் சந்தா என்ற வழக்கத்துக்கு வந்தது. ராபிடோவும் ஓலாவும் ஆட்டோவுக்குச் சந்தா வழிக்கு வந்தன. ஊபர் 2025 பிப்ரவரியில் இன்னும் ஓரடி மேலே போனது. அதன் செயலியில் ஆட்டோவுக்குக் காட்டும் தொகை ஒரு யோசனை மட்டுமே. இறுதித் தொகையைப் பயணியும் ஓட்டுநரும் பேசி முடித்துக்கொள்ளலாம், பணம் நேராக ஓட்டுநர் கையில். சந்தா, பேச்சு, கைப்பணம். பத்துப் பன்னிரண்டு ஆண்டு சுற்றிவிட்டு, செயலி ஸ்டாண்டின் வாசலுக்கே வந்து நிற்கிறது. சைபீரியாவின் யாகூட்ஸ்க் நகரில், கடுங்குளிரில் டாக்சிகள் விலையை ஏற்றியதால் பிறந்த இன்டிரைவ் செயலியோ முதலிலிருந்தே பேரத்தைத் திரைக்குள் வைத்துவிட்டது. பேரம் பிற்போக்கு என்று நாம் நினைத்தது தவறோ என்று தோன்றுகிறது.

ஸ்டாண்டும் செயலியின் பக்கம் நகர்ந்திருக்கிறது. முன் கண்ணாடியில் பிள்ளையார் படத்துக்குக் கீழே இப்போது பணம் வாங்கும் கியூஆர் அட்டை தொங்குகிறது. கைப்பிடிக்கு மேலே ரப்பர் வளையத்தில் செல்பேசி. ஸ்டாண்டில் மூன்றாவதாக நிற்பவரின் செல்பேசி ஒலித்தால் அவர் வரிசையை விட்டு மெல்ல வெளியேறுகிறார். சற்றுத் தள்ளிப் போய் "ஓடிபி சொல்லுங்க" என்கிறார். நான் பேசியவர்களில் பலர் இப்படி இரண்டு முறைகளிலும் ஒரே நேரத்தில் நிற்பவர்கள். நாம் போட்டியாளர்கள் என்று எழுதும் இருவர் பல நேரம் ஒரே ஆள். வரி மட்டும் அவரை இருவராகப் பார்க்கிறது: 2022 ஜனவரி முதல் செயலி வழியாகப் பதிவாகும் ஆட்டோ சவாரிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது, அதே ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறினால் வரி இல்லை.

அறிவிலும் நம்பிக்கையிலும் எதன் தட்டு தாழும் என்பது பயணியைப் பொறுத்தது. முழங்கால் வலியோடு என் சித்தியை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, ஸ்டாண்டு ஓட்டுநர் கிளம்பும் முன்பே கேட்டார்: "ஓ.பி.யா, வார்டா?" எந்த வாசலில் விட்டால் குறைவாக நடக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. செயலியின் வரைபடத்தில் அதே மருத்துவமனை ஒரு புள்ளி. ஆனித் தேரோட்ட நாளில் டவுன் ரத வீதிகளின் எந்த முனை எப்போது அடைபடும் என்பதையும் ஸ்டாண்டிடம் கேட்டால் சொல்வார்கள். மறுபக்கம், பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் மாலை இருட்டியபின் செயலி வண்டியில்தான் ஏறுவாள். ஓட்டுநரின் பெயர், படம், வண்டி எண், போகும் வழி எல்லாம் அவள் அம்மாவின் செல்பேசியில் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டாண்டிலும் அந்த ஓட்டுநரை எல்லோருக்கும் தெரியும்; ஆனால் வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு அந்த 'எல்லோரையும்' தெரியாதே. இதில் நான் அவள் பக்கம்.

உண்மையான சண்டை ஆட்டோவுக்கும் ஆட்டோவுக்கும் இடையில் இல்லை, மஞ்சள் பலகைக்கும் வெள்ளைப் பலகைக்கும் இடையில் என்பதுதான் ஸ்டாண்டுக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. பர்மிட், தகுதிச் சான்று, வாடகை வண்டிக்கான காப்பீடு எல்லாம் கட்டுகிற அவர்களுக்கு, சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பைக்கில் செயலி ஆள் ஏற்றுவது பொறுக்கவில்லை. இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. கரீபியத் தீவு நாடான டிரினிடாட்டில் வாடகைக் காருக்கு 'எச்' எழுத்துப் பலகை, சொந்தக் காருக்கு 'பி'. 2017-ல் அங்கே வந்த ஊபர் 'பி' கார்களை ஓட்டியது. சட்டத்துக்குப் புறம்பு என்றது அரசு. 2018-ல் நிறுவனம் வெளியேறியது. ஆனால் 'பி' பலகையோடு வாடகைக்கு ஓடும் கார்கள் அங்கே ஊபருக்கு வெகுகாலம் முன்பே உண்டு, 'பி.எச்.' என்ற பெயரே இருக்கிறது. செயலி அங்கே புதிய மீறல் எதையும் கொண்டுவரவில்லை, இருந்ததைத் திரையில் ஏற்றியது. நம் ஊரிலும் தெரிந்தவர் காரை 'டீசல் போட்டுக்' கல்யாணத்துக்கு எடுத்துப் போவது செயலிக்கு முந்தைய வழக்கம்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது இரண்டும் ஒருசேர நின்றுபோயின. செல்பேசிக் கோபுரம் முடங்கிய இடங்களில் செயலி இல்லை. சந்திப்புப் பேருந்து நிலையப் பகுதி நீருக்குள் போனதால் ஸ்டாண்டும் இல்லை. கடற்கரையிலிருந்து மீனவர்கள் கொண்டுவந்த படகுகள் மக்களை ஏற்றின. 1843-ல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டும் வரை நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே ஆற்றைக் கடக்கப் படகுதான். அந்தத் துறையிலும் யார் முதலில் ஏறுவது என்ற கேள்வி இருந்திருக்கத்தான் வேண்டும்.

ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் உண்டு. செயலித் தொழிலாளர்களுக்கென்று 2023 டிசம்பரில் தனி வாரியம் அமைந்தது. இரண்டுக்கும் தாய், 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். உழைப்பவரை ஒரே குடும்பமாகச் சட்டம் பார்த்துவிட்டது. கட்டணத்தை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. ரிட்டனையும் இரவையும் எரிபொருளையும் கணக்கில் சேர்த்து, நெல்லை போன்ற நகரங்களுக்கென்று ஒரு கட்டணத்தை அரசு அறிவிக்க வேண்டும். ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும். ஸ்டாண்டுக்கும் செயலிக்கும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். அதுவரை, "மேல முப்பது ரூவா" என்று ஓட்டுநர் கேட்டால் கோபப்படுமுன் அவர் எங்கிருந்து காலியாகத் திரும்ப வேண்டும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.