பக்கத்துல கிடந்தா சொந்தமா?

எனக்கு ஊரு காரைக்கால் கோட்டுச்சேரிமேடு. முழுக்க வண்டல் மண். எங்க வயல்ல ஒரு கருங்கல் கிடந்தா, அது யாரோ வெளியிலேருந்து கொண்டுவந்து போட்டதுதான். ரெண்டு கல் பக்கத்துப் பக்கத்துல கிடந்தா, ஒரே வண்டியில வந்ததுன்னு நினைச்சுக்குவோம். வானத்துலேருந்து விழுற கல்லுக்கும் அப்படிச் சொல்லலாமா?

1857 பிப்ரவரி 28. அன்றைய மதுரை மாவட்டத்துல, சில மைல் இடைவெளியில ரெண்டு விண்கல் விழுந்தது. பெரியது 134 பவுண்டு, அதாவது சுமார் 61 கிலோ. சின்னது 37 பவுண்டு. ஆங்கிலப் பதிவுகள்ல இதுக்குப் பேரு 'பார்னலி'. பெரிய கல் லண்டன் மியூசியத்துக்குப் போச்சு, சின்னது அமெரிக்காவுக்கு. ஒண்ணா வந்த ரெண்டும் அப்படிப் பிரிஞ்சது.

1886 ஜனவரி 27 அன்னிக்கு, திருவண்ணாமலைப் பக்கம் நம்மியந்தல்ல இன்னொரு விண்கல் விழுந்தது. எடை 4.5 கிலோ. பார்னலியிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர்தான். ரெண்டுமே 'காண்ட்ரைட்' வகை. உருகிக் குளிர்ந்த சின்னச் சின்ன உருண்டைகள் சேர்ந்து உருவான கல். ஆனா நம்மியந்தல் எச்5. இரும்பு அதிகம், காந்தம் நல்லா இழுக்கும். பார்னலி எல்எல்3.6. உலோகம் ரொம்பக் கம்மி. ரெண்டுக்கும் தாய்க்கோள் வேற வேறன்னுதான் ஆய்வாளர்கள் சொல்றாங்க.

இந்தக் கல்லுங்க விழுந்ததுக்குத் தேதி இருக்கு. அன்டார்டிகா பனியிலும் சகாராவிலும் கிடைக்கிற பெரும்பாலான கற்களுக்கு அது கிடையாது. அங்க பல காலத்துல விழுந்தது எல்லாம் ஒரே இடத்துல சேர்ந்து கிடக்கும். அப்ப கல்லைத்தான் கேக்கணும். ஒலிவின்ங்கிற கனிமத்துல இரும்பு எவ்வளவு? மோதல்ல எவ்வளவு அடிபட்டிருக்கு? அண்டக் கதிர் பட்டுக்கிட்டு விண்வெளியில எத்தனை காலம் அலைஞ்சுது? பூமிக்கு வந்து எத்தனை காலம் ஆச்சு? வகை ஒண்ணா இருந்தா மட்டும் போதாது. எச் வகை நிறையவே விழுது. எல்லா பதிலும் ஒத்துப்போனாதான், ஒரே விழுகையைச் சேர்ந்த ஜோடின்னு சொல்லலாம்.

ஒரு பதில் ஒத்துவரலைன்னாகூட, ஒட்டிக் கிடந்தாலும் அந்நியம்தான். பார்னலி கற்கள் கடல் தாண்டிப் பிரிஞ்சு கிடந்தாலும் இன்னைக்கும் ஒரே குடும்பம். அதுக்குக் காரணம், யாரோ அன்னிக்குத் தேதியும் இடமும் எடையும் எழுதி வெச்சதுதான். அதனால, உங்க ஊர்ல கறுப்பா, கனமா ஒரு கல் கிடைச்சா, கழுவறதுக்கு முன்னாடி கிடந்த இடத்தையும் தேதியையும் குறிச்சு வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.