எஞ்சிய பத்து நிமிடம்

டிஸ்கோ என்னும் ஆடலிசையின் தொடக்ககால இசைத்தட்டு ஒன்றின்மீது எனக்கு நெடுநாளாகப் பிரியம் உண்டு. தமிழாசிரியனுக்கு இது தகுமோ என நண்பர் சிலர் நகைப்பர். அத்தட்டு பிறந்த கதையையும் அது பிறந்த ஆண்டில் நம் மலையகம் பட்ட பாட்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், இப்பிரியம் ஹாலிஎல மண்ணுக்கு அந்நியமானதன்று என்பது விளங்கும்.

‘குங்ஃபூ ஃபைட்டிங்’ என்பது அப்பாடல். பாடியவர் ஜமெய்க்காவிற் பிறந்த கார்ல் டக்ளஸ். தயாரித்தவர் பெங்களூரிற் பிறந்து இலண்டனுக்குப் பிழைக்கச் சென்ற பிட்டு அப்பையா. இருவரும் கருதியிருந்த முக்கிய பாடல் வேறொன்று. மூன்று மணி நேர ஒலிப்பதிவில் பெரும்பகுதியை அது விழுங்கிவிட்டது. தட்டின் மறுபக்கத்தை நிரப்புவதற்காக, எஞ்சிய பத்து நிமிடத்தில் இதனைப் பாடி முடித்தனர். நிறுவனத்தாரோ கேட்டுப் பார்த்து, இதனையே முதற்பக்கம் ஆக்கினர். 1974 செப்டெம்பரில் பிரித்தானியாவிலும் டிசெம்பரில் அமெரிக்காவிலும் விற்பனை வரிசையில் முதலிடம் இதற்கே கிடைத்தது. சீனரை வேடிக்கைப் பொருளாக்கும் குறை அதன் சொற்களில் உண்டு. பிரியம் அதனை மறைத்தலாகாது. ஆனால் அதன் தாளம் கால்களைச் சும்மா இருக்க விடுவதில்லை.

கார்ல் டக்ளஸ் பிறந்த ஜமெய்க்காவும் நமது ஊவாவும் ஒரே சாம்ராஜ்யத்தின் தோட்டங்களாக இருந்தவை. அங்கே கரும்பு, இங்கே முதலிற் கோப்பி, பின்னர் தேயிலை. ஆபிரிக்கரை விலங்கிட்டுக் கொண்டுசென்று அங்கே கரும்பு வெட்டுவித்தனர். 1838இல் அவர்கள் முழு விடுதலை பெற்றபின், 1845 முதல் இந்தியக் கூலிகளை அத்தீவுக்கும் கப்பலேற்றினர். நம் முன்னோர் தமிழகத்துக் கிராமங்களை விட்டு இம்மலைகளுக்கு நடந்து வந்ததும் அந்த நூற்றாண்டிலேயே.

இனி 1974ஆம் ஆண்டுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனக் கணக்கிட்டது. மீந்த 1,50,000 பேரை 1974 ஜனவரியில் இரு நாட்டுப் பிரதமர்களும் சரிபாதியாகப் பங்கிட்டனர். அத்தொழிலாளரை ஒரு சொல் கேட்டாரில்லை. அரிசியும் மாவும் அருகி, லயங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலமும் அதுவே. பெட்டி படுக்கையோடு பதுளைப் பாதையிற் புகையிரதம் ஏறியவர்கள், தலைமன்னாரிற் கப்பலுக்குக் காத்து நின்றனர். இலண்டன் அத்தட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த வேளையில் இங்கே நடந்தது இது.

அப்படியிருக்க அப்பாட்டை விரும்புவது துரோகம் ஆகாதோ? ஆகாது என்பேன். தோட்டம் தன் தொழிலாளிக்கு விட்டுவைத்தது எஞ்சிய நேரத்தை மாத்திரமே. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைத்துத் திரும்பியவர்கள், அந்த எஞ்சிய இராப்பொழுதிலன்றோ தப்பு முழக்கிக் காமன் கூத்தை வளர்த்தெடுத்தனர்! கரும்புத் தோட்டத் தீவிற் பிறந்த ஒருவர் எஞ்சிய பத்து நிமிடத்திற் பாடியதைக் கேட்கும்போது, எனக்கு அந்தத் தப்பொலியே நினைவுக்கு வருகிறது.

ஒரு வேற்றுமை மட்டும் நெஞ்சை அறுக்கிறது. அந்தப் பத்து நிமிடம் தட்டில் ஏறி உலகெங்கும் சென்றது. 1974இல் புகையிரதம் ஏறியவர்கள் பாடிச் சென்ற பாட்டுகளோ பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. இன்று என் மாணவர்க்கு ‘குங்ஃபூ பாண்டா’ படத்தின் வழியாக டக்ளஸின் பாடல் தெரிகிறது; தம் பாட்டியின் பாடல் தெரியவில்லை. அப்பாட்டிகள் சிலர் இன்னும் நம் லயங்களில் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் மலையகப் பள்ளிகளின் கடமை. அதனை இவ்வாண்டே தொடங்குவோம்.