ஏரியை தூர் வாரினா மட்டும் போதுமா?

ஸ்ரீபெரும்புதூர்:-

கம்பெனிகள் பெருகிவிட்ட ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பகுதி ஒரு காலத்தில் ஏரிப்பாசனத்தை நம்பியே வாழ்ந்த பூமி. இங்குள்ள ஏரிகளை காப்பாற்ற அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன? அதன் விவரம் வருமாறு:-

சங்கிலி ஏரிகள்

இங்கே எந்த ஏரியும் தனி ஏரி கிடையாது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்கு போகும். 24 அடி உயரம், 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு கொண்ட அந்த ஏரிதான் சென்னைக்கு குடிநீர் தருகிறது. நடுவுல கால்வாய் அடைபட்டா, கீழ் ஏரி காயும். மேல இருக்கிற ஊர்ல தண்ணி புகுந்துடும்.

ஆக்கிரமிப்பு சட்டம்

ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் 2007-ல் வந்தது. பொதுப்பணித்துறை ஏரிகளை அளந்து எல்லை குறிக்கவும், நோட்டீஸ் கொடுத்து ஆக்கிரமிப்பை அகற்றவும் இது வழி செய்கிறது.

குடிமராமத்து

அந்த காலத்தில் ஊர் ஜனங்களே கூடி ஏரியை செப்பனிடுவாங்க. அதுதான் குடிமராமத்து. 2017 மார்ச்சில் அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி இந்த திட்டத்தை ஒரகடம் பக்கத்தில் உள்ள மணிமங்கலம் ஏரியில் மீண்டும் தொடங்கி வைத்தார். முதல் கட்டமாக ரூ.100 கோடி ஒதுக்கப்பட்டது. செலவில் 10 சதவீதம் விவசாயிகள் பங்காக இருந்தது. பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தரலாம் என்று இருந்தது.

கால்வாய் முக்கியம்

மணிமங்கலம் உபரிநீர் அடையாற்றில்தான் சேருகிறது. 2015 டிசம்பரில் அந்த ஆறு பொங்கியபோது முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதை யாரும் மறக்க முடியாது. ஏரியை ஆழப்படுத்தி, கரையை உயர்த்தினாலும், வரத்து கால்வாயும் போக்கு கால்வாயும் இல்லேன்னா பலன் இல்லை.

உங்க ஊர்ல கால்வாய் மாயமாகி இருந்தா, மழைக்கு முன்னாடியே கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் சர்வே எண்ணோடு மனு கொடுக்கலாம்.