தண்டவாளம் போனது, கடல் இருக்கிறது

அனலைதீவுக்குப் புகையிரதம் வந்ததில்லை. படகேறி ஊர்காவற்றுறை சென்று, அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்த்தான் எம்மவர் புகையிரதம் ஏறினர். ஆயினும் எம் தீவைச் சூழ்ந்துள்ள பாக்கு நீரிணையின் தென்முனையில், கடலையும் தண்டவாளத்தையும் இணைத்த பாதையொன்று ஐம்பது ஆண்டுகள் இயங்கியது.

1914 பெப்ரவரியில் பாம்பன் பாலத்தோடு தனுஷ்கோடிப் பாதை திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து புறப்பட்டவர் தனுஷ்கோடியில் இறங்கி, ஏறத்தாழ 35 கிலோமீற்றர் கடலைக் கப்பலில் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் புகையிரதமேறிக் கொழும்பை அடைந்தார். 'போட் மெயில்' என்று மக்கள் அழைத்த அப்பயணத்தில் வணிகரும் யாத்திரிகரும் மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரும் கடல் கடந்தனர்.

1964 டிசெம்பர் 22 இரவு வீசிய புயல் அதனை முடித்துவைத்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டியைக் கடல் வாரிக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாழத் தகுதியற்ற இடமெனத் தனுஷ்கோடி அறிவிக்கப்பட்டது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பல் சேவையும் 1980களில் போர்ச்சூழலால் நின்றது.

போர் குலைத்த தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. கடல் குலைத்த பாதை மீளவில்லை. 2019இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோதிலும், சுற்றுச்சூழலைக் காட்டித் தமிழக அரசு மறுப்புத் தெரிவித்தது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை நிலையத்தின் இடிந்த சுவர்களும், பவளப்பாறைக் கற்களால் எழுந்த தேவாலயத்தின் எச்சமும், மணலுமே. ஆழமற்ற நீர்ப்பரப்பில் பனிக்காலத்தில் பூநாரைகள் இரைதேடுகின்றன. அவை எம் தீவகத்துப் பரவைக்கடலுக்கும் வருபவை. 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது.

பழைய பாதை மீண்டும் வேண்டும் என்போரின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அம்மக்கள் இழந்தது இரும்பை அன்று. அக்கரையை அயலூராக எண்ணிப் போய்வந்த வழக்கத்தையே. அதனை மீட்கப் பறவைகளின் மணலைத் தோண்ட வேண்டியதில்லை. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பல் சேவை இடையிடையே தடைப்பட்டது. அதைத் தடையின்றி, எளியோர்க்கும் இயன்ற கட்டணத்தில் நடத்தினால் போதும். தண்டவாளம் கிடந்த மணல் பறவைகளுக்கே இருக்கட்டும். கடல்வழி மனிதர்க்குத் திறந்திருக்கட்டும்.