அலாய் வீல் மாத்தினா டயர் பிரஷர் சென்சார் என்ன ஆகும்?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் புது அலாய் வீல் பார்த்து வெச்சிருக்கீங்களா? விலை பேசுறதுக்கு முன்னாடி, உங்க காரில் டயர் பிரஷரைக் கண்காணிப்பது எந்த முறை என்று தெரிஞ்சுக்கோங்க.

டேஷ்போர்டில் ஒவ்வொரு டயருக்கும் பிரஷர் எண் தெரிந்தால், வீலுக்குள் வால்வோடு சென்சார் இருக்கும். எச்சரிக்கை விளக்கு மட்டும் என்றால், பெரும்பாலும் ஏபிஎஸ் சென்சாரே வேலை செய்யும். காற்று குறைந்த டயர் சற்று வேகமாகச் சுழல்வதை வைத்து அது கண்டுபிடிக்கிறது. புது வீல் போட்டதும் சரியான அளவு காற்று நிரப்பி, ரீசெட் பண்ணினால் போதும்.

வீலுக்குள் சென்சார் இருந்தால்:

• பழைய சென்சாரையே மாற்றிப் போடலாம். புது வீலின் வால்வு துளையில் பொருந்துதா பாருங்க. ரப்பர் சீலைப் புதுசா போடச் சொல்லுங்க.

• சென்சார் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டு வரும். கார் பழசு என்றால் இப்பவே புது சென்சார் போடுங்க. டயரை மறுபடி கழற்றும் கூலி மிச்சம்.

• புது சென்சாரின் ஐடியை காரில் பதிவு செய்யணும்.

சென்சாரே வேண்டாம் என்று விட்டுடலாமா? 2020-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிப்படி, டியூப்லெஸ் டயர், பிரஷர் கண்காணிப்பு, பஞ்சர் கிட் மூன்றும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. உங்க கார் அப்படிப்பட்டதா? மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் காற்று இறங்குவது தெரியாமல் ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் கிழியும். அதற்குப் பஞ்சர் கிட் உதவாது. மாற்ற டயரும் இருக்காது.